ரெங்கராஜ் கடைசியாகச் சொன்னது

ரெங்கராஜ் இறந்த பிறகுதான் நிறையப் பேச ஆரம்பித்தார்.

உயிரோடு இருந்தவரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்குவதற்குப் பட்ட பாடு அவர் மனைவி ராஜலட்சுமிக்குத்தான் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றே, கேசரி எப்படி இருக்கிறது என்று அவளுடைய அப்பா கேட்டதற்கு, தட்டைக் காலி செய்து கீழே வைத்ததுதான் பதில். ‘ம்’ என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவரிடம் கற்றுக்கொண்டாள். சோறு போடு என்பதற்கு ஒரு ‘ம்’. உன் தம்பி போன் செய்தான் என்பதற்கு ஒரு ‘ம்’. கஜா புயலடித்து ஓய்ந்த காலையில் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்றபடி அவர் சொன்னதும் ஒரு ‘ம்’தான். பாதித் தோப்பு வேரோடு கிடந்தது. பக்கத்து வீடுகளில் எல்லோரும் மண்ணை அள்ளித் தூற்றி அழுதுகொண்டிருக்க, அந்த ஒரு ‘ம்’முக்கு அவள் மட்டும் அன்று முழுவதும் அழுதாள்.

அப்படிப்பட்டவர் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை விடியலில் தோப்பு மோட்டார் கொட்டகை வாசலில் விழுந்து, யாரும் ஓடி வருவதற்குள் போய்விட்டார். பதினாறாம் நாள் படத்திறப்பு முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, ரெங்கராஜ் சொந்தக்காரர்களில் பாதிப் பேரிடம் மனம்விட்டுப் பேசியிருந்த விசயம் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்தது.

முதலில் வந்தது வரப்புத் தென்னை. அண்ணன் தோப்புக்கும் தம்பி தோப்புக்கும் நடுவில், புயலுக்குத் தப்பி நின்ற ஒரே வரிசை அது. “அந்த வரிசைக் காய அண்ணனே வெட்டிக்கிடட்டும்னு தம்பி எங்கிட்டச் சொல்லியிருந்தான்” என்றார் ரெங்கராஜின் அண்ணன், ராஜலட்சுமிக்கு மூத்தார், தங்கமுத்து. அடுத்து வந்தது கிடேரிக் கன்று. “அத ஒங்க வீட்டுக்கு ஓட்டிட்டுப் போக்கான்னு அவன் வாய் நிறையச் சொன்னான்” என்றாள் நாத்தனார் பிரகதாம்பாள். வாய் நிறைய என்ற சொல்லைக் கேட்டதும் ராஜலட்சுமிக்கு, அழுகைக்கு நடுவிலும், சிரிப்பு வந்தது. கோயில் கமிட்டிக்காரர்களிடம் ரெங்கராஜ் அன்னதானத்துக்கு அரிசி சொல்லியிருந்தார். பூக்கடைக்காரரிடம்கூட ஏதோ சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கத்தில் செத்தவர் சொன்னதாக ஒருவர் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. சொல்கிறவர் படத்துக்கு முன்னால் நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அதை இல்லையென்று சொன்னால் சொன்னவரையல்ல, செத்தவரைப் பொய்யராக்கியதாக ஆகும். பெண்டாட்டியே அதைச் செய்வாளா?

படமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. ஆதார் அட்டையிலிருந்து தலையை மட்டும் எடுத்து, நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் ஸ்டுடியோக்காரர் வைத்திருந்தார். பின்னால் ஓர் அருவி கொட்டியது. ஆதார் படத்தில் இறுகி இருந்த உதட்டைக் கம்ப்யூட்டரில் இழுத்துக் கொஞ்சம் சிரிக்கவும் வைத்திருந்தார். வாழ்நாளில் சட்டையின் மேல் பட்டனைப் போட்டறியாத ரெங்கராஜ் அதில் ஏதோ கம்பெனி மேலாளரைப்போல இருந்தார். அந்த ஆள் பேசக்கூடியவர்தான் என்று ராஜலட்சுமிக்கும் தோன்றியது.

தென்னையும் கன்றும் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. சித்திரை கழிந்து மகள் இளமதியின் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு, ரெங்கராஜ் மகளைப் பற்றியும் பேசியிருக்கிறார் என்று தெரிந்தபோதுதான் இது கன்றோடு நிற்கிற சங்கதி இல்லை என்று புரிந்தது.

இளமதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக வேண்டும். டாக்டராக வேண்டும் என்று பிள்ளைகள் சொன்னால் ஊர் புரிந்துகொள்ளும். சினிமாவில் நடிக்க வேண்டும் என்றால்கூடத் திட்டிவிட்டுப் புரிந்துகொள்ளும். ட்ராயிங் டீச்சராக வேண்டும் என்று ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், அதற்கு எப்படித் திட்டுவது என்றுகூட ஊருக்குத் தெரியவில்லை.

அவள் பள்ளியில் ஓவியம் நடத்தியவர் நாகராசு. வாரத்தில் பாதி நாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர். நிரந்தரமாக்கக் கேட்டுப் போராடிப் போராடியே தலை நரைத்தவர். பள்ளியில் அவருக்கு இருந்த வேலை, குடியரசு தினத்துக்கு வாசலில் கோலம் போடுவது, ஆய்வுக்கு அதிகாரி வரும்போது வரவேற்பு எழுதுவது, கழிப்பறைக் கதவில் ஆண், பெண் படம் வரைவது. மாலையில் கல்யாண மண்டபங்களுக்குப் போய்த் தெர்மாகோலில் மாப்பிள்ளை பெண் பெயரை வெட்டுவார். வகுப்பில் படம் வரையச் சொல்லித்தருவதுதான் அவருக்கு வாய்க்காத வேலை. ஏனென்றால் ஓவிய பீரியடு வந்ததும் கணக்கு ஆசிரியர் கதவருகே வந்து நிற்பார். “நாகராசு, இந்தப் பீரியட நான் எடுத்துக்கிறேன், போர்ஷன் நிக்கிது” என்பார். நாகராசு சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்தக் கணக்கு ஆசிரியர்தான் பிற்பாடு அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராகி ஓய்வு பெற்ற தங்கமுத்து. தலைமையாசிரியர் ஆன பிறகு கதவருகே வந்து நிற்பதையும் விட்டுவிட்டார். கால அட்டவணையிலேயே ஓவியத்துக்கு நேராகக் கணக்கு என்று எழுதிவிட்டார்.

இளமதிக்கு அந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னது நாகராசுதான். திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்குகிறார்கள், நாலு வருடத்தில் ஓவியப் பட்டம், அதற்குள்ளேயே ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், தனியாக பி.எட். படிக்க அலைய வேண்டியதில்லை. “எனக்கெல்லாம் அப்படி ஒண்ணு இல்லம்மா. நான் ஒரு பரீட்சை இங்கிட்டு, ஒரு பரீட்சை அங்கிட்டுன்னு பொறுக்கிச் சேத்தேன். நீ முறையாப் போ. முறையாப் போனவள வெளிய போன்னு சொல்ல அவிங்களுக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கும்” என்றார். விண்ணப்பம் முடிய அந்த வாரம்தான் இருந்தது.

மகளை விடுதிக்கு அனுப்ப ராஜலட்சுமிக்குச் சம்மதம். ஆனால் ஆம்பளை இல்லாத வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வெளியூருக்கு அனுப்ப அவள் சம்மதம் மட்டும் போதாது. மூத்தார் தலையாட்ட வேண்டும். அவர் ஆட்டாவிட்டால் தெரு ஆட்டாது. தெரு ஆட்டாவிட்டால், நாளைக்கு நல்லது கெட்டதுக்கு வீட்டு வாசலில் ஒரு செருப்பு இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னாள்.

தங்கமுத்து வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். பிரகதாம்பாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். குவைத்தில் இருக்கும் ராஜலட்சுமியின் தம்பி கோபிநாத் வீடியோ காலில் வந்தான். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து ஸ்டூலின் மேல் வைத்தார்கள். விசிறிக் காற்றில் போன் நழுவ நழுவ, அவன் சில நேரம் முழு முகமாகவும் சில நேரம் நெற்றியாகவும் கூட்டத்தில் கலந்துகொண்டான்.

இளமதி வாயால் பேச்சுவார்த்தை நடத்தவில்லை. சார்ட் ஒன்றைக் கொண்டுவந்து, அப்பா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். கையில் ஒரு தென்னை ஈர்க்கு. பி.எட். படிக்கிறவர்கள் பாடம் நடத்திக் காட்டுவார்களே, அதே தோரணை. அந்தத் தோரணை அவளுக்கு அத்துப்படி. ஏனென்றால் தங்கமுத்துவின் மகள் சத்யபிரியா பி.எட். படித்தபோது அவளுடைய சார்ட், மாடல், ரெக்கார்டுப் படம் எல்லாவற்றையும் வரைந்தது பத்தாம் வகுப்பில் இருந்த இளமதிதான். இரைப்பையும் குடலும் வரைந்த சார்ட்டுக்குக் கல்லூரியில் சத்யபிரியாவுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். சத்யபிரியா இன்று ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அங்கே மாட்ட வேண்டிய சார்ட்டும் மாதாமாதம் இந்த வீட்டிலிருந்துதான் போகிறது.

சார்ட்டில் ஒரு நகரப் பேருந்து. அது நாலு நிறுத்தங்களில் நின்றது.

“இது மொத வருசம். கோட்டுப்படம், கலரு, அதோட சின்னப் புள்ளைக மனசு எப்படி வேலை செய்யிதுன்னு ஒரு பாடம். ரெண்டாவது வருசம் மண்ணுல உருவம் செய்யிறது, பழைய ஓவியங்க வரலாறு, வகுப்புல எப்படிச் சொல்லித் தர்றதுன்னு பயிற்சி. மூணாவது வருசம்…” இளமதி ஈர்க்கை நகர்த்தினாள். “நாலாவது வருசம் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிருவாங்க. அங்க போயி நெசமாவே வகுப்பு எடுக்கணும்.”

கடைசி நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூட வாசல் இருந்தது. வாசலில் குச்சி குச்சியாகக் குழந்தைகள்.

தங்கமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“மார்ஜின் விடலையேத்தா” என்றார்.

“பஸ்ஸு நல்லாருக்குடி” என்றாள் பிரகதாம்பாள். “ஒரு பூமால போட்டு விட்டிருக்கலாம் முன்னால. ஆமா, டிரைவரு ஆரு? ஒங்கப்பன் சாடையா இருக்கு?”

அப்போதுதான் ராஜலட்சுமியும் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கையில் ரெங்கராஜ் இருந்தார். கோட்டு இல்லை, அருவி இல்லை. மேல் பட்டன் போடாத சட்டை, இறுகிய உதடு. அவர் தலைக்குப் பின்னால், பேருந்துகளில் எழுதியிருப்பதுபோல, ‘ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்’ என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. ராஜலட்சுமி காப்பி போடுவதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்தே காதைக் கொடுத்தாள்.

“சரி, நாலு வருசம் படிச்சு, ட்ராயிங் டீச்சர் ஆயிர்ற. அப்பறம்?” தங்கமுத்துவின் குரல்.

“அதான் பெரியப்பா. அப்பறம் ட்ராயிங் டீச்சரு.”

“ட்ராயிங் டீச்சர்னா டீச்சராத்தா? என் சர்வீஸ்ல ஒரு ட்ராயிங் பீரியடு நடந்து நான் பாத்ததில்ல.”

“நீங்க வந்து வாங்கிக்கிட்டா எப்படிப் பெரியப்பா நடக்கும்?”

பிரகதாம்பாளுக்குப் புரையேறியது. “ஏ, வெத்தல தொண்டையில மாட்டிக்கிச்சு” என்று தலையைத் தட்டிக்கொண்டாள்.

“பேச்சப் பாரு. கணக்குதாண்டி சோறு போடும். பி.எஸ்ஸி. கணக்கு, கையோட பி.எட்.டு. நம்ம கறம்பக்குடிக்காரர் நடத்துற காலேஜுல நான் ஒரு வார்த்தை சொன்னா சீட்டு. சத்யாவப் பாரு, இன்னைக்கு எவ்வளவு மரியாதை.”

“சத்யா அக்கா சார்ட்டக்கூட நாந்தான்…”

“சார்ட்டு வேற, சப்ஜெக்ட்டு வேற!” என்று தங்கமுத்து குரலை உயர்த்தினார். வாதத்தில் சறுக்குவது தெரிந்ததும் அவர் எழுந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நீலக் கோட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றார். விளக்கைப் பார்த்தார்.

“நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சாகுறதுக்கு மூணு நாளைக்கு முன்னாடி, திங்கக்கெழமை, டீக்கடையில வச்சு ஒங்கப்பன் எங்கிட்டச் சொன்னான். ‘அண்ணே, என் மகள ஒங்கள மாதிரி கணக்கு டீச்சரா ஆக்கிப்புடுங்க’ன்னான். கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான். செத்தவன் வாக்கு. இனி ஒங்க இஷ்டம்.”

இனி ஒங்க இஷ்டம் என்றால், இனி உங்களுக்கு ஒரு இஷ்டமும் கிடையாது என்று பொருள். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரகதாம்பாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குச் சிங்கப்பூரில் சந்தோஷ்குமார் என்று ஒரு மகன் இருந்தான்.

“நீ திங்கக்கெழமை கேட்டியா அண்ணே? எனக்குச் செவ்வாக்கெழமை போன் பண்ணான். ‘அக்கா, இளமதிய ஒன் மகனுக்குத்தான் குடுப்பேன். அதுவரைக்கும் தபால்ல ஏதாச்சும் படிச்சுக்கிட்டு வீட்டோட இருக்கட்டும்’னான். நானும் படத்துக்கு முன்னாலதான் நிக்கிறேன்.”

தங்கமுத்து திகைத்தார். இதுவரை ரெங்கராஜ் ஆளுக்கொரு பொருளாகத்தான் தந்துகொண்டிருந்தார். ஒரே பொருளை இரண்டு பேருக்குத் தந்தது இதுதான் முதல் தடவை.

“திங்கக்கெழமை கணக்கு டீச்சருன்னவன் செவ்வாக்கெழமை எப்படி மாத்திச் சொல்லுவான்?”

“மனுசன் மனசு மாறாதா? பின்னாடி சொன்னதுதான் செல்லும். உயிலுகூட அப்படித்தானே எழுதுறாங்க.”

தங்கமுத்து யோசித்தார். முகத்தில் ஒரு கூட்டல் கழித்தல் ஓடியது. “செவ்வாக்கெழமை சாயங்காலம் தோப்புல பாத்தப்பயும் அதயேதான் சொன்னான்.”

“அலோ, அலோ” என்றது செம்பில் சாய்ந்திருந்த நெற்றி. “அத்தான் எனக்குப் புதங்கெழமை வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. நர்சிங் படிக்க வையி மாப்ள, குவைத்துக்கு எடுத்துக்கன்னு. அழிஞ்சு போச்சு, புதுப் போனு மாத்துனேன்ல.”

“புதங்கெழமை ராத்திரி நான் வெத்தல வாங்கப் போறப்ப வழியில நிப்பாட்டி…” என்றாள் பிரகதாம்பாள்.

திருவிழா முடிவில் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழம் ஏலம் போவதைப்போல ரெங்கராஜின் கடைசி வாரம் ஏலம் போய்க்கொண்டிருந்தது. கணக்கு, கல்யாணம், நர்சு. நர்சு, கல்யாணம், கணக்கு. ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். இடம் போதாமல் இடித்துக்கொண்டார்கள். கோட்டுப் போட்ட ரெங்கராஜ் எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தார். சார்ட்டில் இருந்தவர் பாதையைப் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இளமதி கையிலிருந்த ஈர்க்கு இரண்டாக ஒடிந்திருந்தது. அவள் அழவில்லை. அப்பாவே ஆளுக்கு ஒருவராக ஆகிவிட்டபோது யாரை நினைத்து அழுவது?

ராஜலட்சுமி காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். ஏலம் புதன்கிழமை இரவில் வந்து நின்றிருந்தது. அதற்கு மேல் யாராலும் கேட்க முடியாது. வியாழக்கிழமை விடியலில் அந்த மனிதரோடு இருந்தது ஒரே ஒருத்திதான். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் அந்த விடியலைத் தொடாமல் வைத்திருந்தாள். அதைப் போய் இந்தச் சந்தையில் எடுத்துப் போடுவதா என்று ஒரு கணம் கூசியது. பிறகு மகள் கையிலிருந்த ஒடிந்த ஈர்க்கைப் பார்த்தாள்.

“எங்கிட்டயும் சொன்னாரு” என்றாள்.

மூவரும் திரும்பினார்கள். செம்பில் சாய்ந்திருந்தவனும் முகத்தை நிமிர்த்தினான். பெண்டாட்டியிடமும் ரெங்கராஜ் பேசியிருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“வியாழக்கெழமை வெடியக்காலம். காப்பி குடிக்கிறப்ப. தோப்புக்குப் போறதுக்கு முன்னாடி.”

“என்ன சொன்னான்?”

“இளமதி ட்ராயிங் டீச்சருக்குத்தான் படிக்கணும்னாரு.”

அடக்க முடியாமல் கோபிநாத்தான் கேட்டான். சொந்தத் தம்பி. “அக்கா, அந்தப் படிப்ப இப்பத்தானே ஆரம்பிக்கிறாங்க? மாசியில அத்தானுக்கு எப்படித் தெரியும்?”

“அதானே!” தங்கமுத்து பிடித்துக்கொண்டார். “மாப்ள கரெக்டாக் கேட்டாப்ல. சொல்லு ஆயி.”

ராஜலட்சுமி தட்டைக் கீழே வைத்தாள்.

“படிப்புப் பேரெல்லாம் அவரு சொல்லல மாமா. அவருக்கு ஏது அந்த வெவரம். ‘எம்மக ட்ராயிங் டீச்சராப் போகட்டும். அவ பீரியடு அவகிட்டயே இருக்கட்டும். அதுல எவனும் வந்து கணக்கு நடத்தக் கூடாது’ன்னாரு. அம்புட்டுத்தான்.”

பிரகதாம்பாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். குவைத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் அறுந்தது.

தங்கமுத்துவின் காது மடல்கள் சிவந்தன. “நெசமாத்தான் சொன்னானா?” என்று கேட்டார். படத்திறப்பிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

ராஜலட்சுமி படத்துக்கு முன்னால் போகவில்லை. விளக்கைப் பார்க்கவில்லை. தங்கமுத்துவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“வரப்புத் தென்னையச் சொன்ன அதே வாய்தானே மாமா.”

தங்கமுத்து கணக்கு ஆசிரியர். விடை சீக்கிரம் வந்துவிட்டது. வியாழக்கிழமை விடியலில் சொன்னது பொய்யென்றால் முந்திச் சொன்னதெல்லாம் என்ன ஆகும் என்று எழுதிப் பார்க்க அவருக்குப் பலகை தேவைப்படவில்லை. கிடேரிக் கன்றும் அதே நேரத்தில் பிரகதாம்பாளின் மனக்கண்ணில் வாலை ஆட்டியிருக்க வேண்டும். “அவன் சொல்லியிருப்பான் அண்ணே. எந்தம்பி அப்படித்தான், சுருக்குன்னு ஒண்ணு சொல்லுவான்” என்றாள்.

“சொன்னா சரிதான்” என்றார் தங்கமுத்து. காப்பியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். “சார்ட்டுல மார்ஜின் விடணும்த்தா. அங்க போயும் இப்படிச் செஞ்சீன்னா மார்க்கக் கொறைச்சுப்புடுவாங்க.”

எல்லோரும் போன பிறகு ராஜலட்சுமி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இளமதி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“அம்மா, அப்பா நெசமாவே அப்படிச் சொன்னாராம்மா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் ஆயுசு முழுக்க அதை வைத்துக்கொள்வாள். ராஜலட்சுமிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனிதரைப் பேச வைக்கிறவர்கள் கூட்டத்தில் தானும் ஒருத்தியாக, அதுவும் இவளிடமா?

“இல்லத்தா. ‘காப்பி ஆறிப்போச்சு’ன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். சுட வச்சு எடுத்தாரேன்னு உள்ள போனேன். வந்து பாக்குறேன், ஆளக் காணோம், தோப்புக்குப் போயிட்டாரு. ஆறிருமேன்னு நானே குடிச்சிட்டேன்.”

இளமதி கழுவிய டம்ளர்களை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “அப்பாவுக்கு அதுவே பெரிய பேச்சுல்லம்மா” என்றாள். ராஜலட்சுமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்கச் சிரிக்க அது வேறொன்றாக மாறியது. குழாயை மூடாமல் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இளமதி விண்ணப்பித்தாள். வரைந்து காட்டச் சொன்ன தேர்வுக்கும் போய் வந்தாள். இடம் கிடைத்தது.

கிடைத்த மறுநாளே கீரமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு பேனர் நின்றது. ‘தம்பியின் இறுதி ஆசையை நிறைவேற்றிய கல்வித் தந்தை தங்கமுத்து’ என்று பெரிய எழுத்து. உள்ளாட்சித் தேர்தல் வரும் என்று பேச்சிருந்தது. பேனரில் ஆளுயரத்துக்கு நின்ற தங்கமுத்து நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்டிருந்தார். பின்னால் அருவி கொட்டியது. ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது அந்த ஒரு உடம்புதான் போலிருக்கிறது. கீழ் மூலையில், அஞ்சல் தலை அளவுக்கு, இளமதி.

அவள் கிளம்பும் நாளில் வழியனுப்பத் தங்கமுத்தும் அதே பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். பெட்டி, படுக்கை, சுருட்டிய சார்ட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். இளமதி சன்னலோரம் உட்கார்ந்தாள். டீக்கடையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி தங்கமுத்து சொன்னார்: “எந்தம்பி ஆசைங்க. எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னான். ட்ராயிங் டீச்சருக்குப் படிக்க வையி அண்ணேன்னு.”

ராஜலட்சுமி திரும்பிப் பார்த்தாள். “எப்ப மாமா சொன்னாரு?”

“அன்னைக்கு வெடியக்காலந்தான் ஆயி. நீ காப்பியச் சுட வைக்க உள்ள போனேல்ல? அந்த நேரத்துலதான் எனக்குப் போன் அடிச்சான்.”

காப்பி விசயத்தை அவள் மகளைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மகள் சத்யபிரியாவிடம் சொல்லியிருப்பாள். சத்யபிரியா வீட்டில் சொல்லியிருப்பாள். ராஜலட்சுமி சொன்ன கடைசி வார்த்தைக்கும் மேலே ஏலத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார் மனிதர். ரெங்கராஜின் போன் அந்த வாரம் முழுக்கத் திரை உடைந்து செல்போன் கடையில் கிடந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். பேருந்து உறுமியது. சன்னலில் இளமதி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

“என்ன கொரல்ல மாமா பேசுனாரு? தெம்பாப் பேசுனாரா? இல்ல எப்பவும்போலத்தானா?”

கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவள் கேலியாகக் கேட்கவில்லை என்று.

தங்கமுத்து அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கக்கத்தில் இடுக்கக் கை வரவில்லை, திரும்பவும் தோளிலேயே போட்டார். டீக்கடையைப் பார்த்தார். பேனரில் நின்ற தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பேருந்து நகர்ந்தது.

“ம்” என்றார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை. இத்தனை வருடத்தில் அவள் அதைக் கவனித்ததே இல்லை.